நல்ல காயை விதைக்கு வைக்கிறோம், நல்ல கிடாவை?

செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடு ஓட்டிப் போகிறவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். விடியும் முன்பே வியாபாரிகள் சுற்றிவரத் தொடங்கிவிடுவார்கள். முதலில் விலை பேசி முடிவது எது? ஐந்து, ஆறு மாத வயதில் நெஞ்சு அகன்று, தொடை திரண்டு நிற்கும் கிடாக்குட்டி. பக்ரீத்துக்கோ தீபாவளிக்கோ முந்தைய வாரம் என்றால் வண்டியை விட்டு இறக்குவதற்குள் கைமாறிவிடும். அதே பருவத்தில் பிறந்தும் எடை ஏறாமல், வயிறு மட்டும் பெருத்து நிற்கும் குட்டியை யாரும் கேட்பதில்லை. "சரி, அடுத்த பண்டிகைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று திரும்ப ஓட்டி வருகிறோம். அடுத்த மூன்று மாதத்தில் பட்டியில் உள்ள பெட்டைகளுக்கெல்லாம் அதுதான் கிடா.

விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் ஆடு வளர்ப்பவர்களைச் சந்திக்கும்போது எழும் முதல் கேள்வி, "எந்த இனம் வாங்கினால் லாபம்?" என்பதுதான். தலைச்சேரியா, போயரா, ஜமுனாபாரியா, செம்மறியில் மேச்சேரியா, நெல்லூரா? கேள்வியில் தப்பில்லை. ஆனால், எந்த இனத்தை வாங்கி வந்தாலும் மேலே சொன்ன வழக்கம் மாறாவிட்டால் மூன்று, நான்கு ஆண்டுகளில் அந்த மந்தையும் பழைய நிலைக்கே வந்துவிடும்.

நான் உழவியல் படித்தவன். கால்நடை மருத்துவன் அல்ல. ஆகவே எனக்குத் தெரிந்த பயிரிலிருந்தே தொடங்குகிறேன். மணிலாவுக்குப் பெயர்போன ஊர் நம்முடையது. டி.எம்.வி என்ற எழுத்துகளே திண்டிவனத்தைக் குறிப்பவை. டி.எம்.வி 2 என்ற ரகம் 1940-இல் வெளிவந்தது. அது எங்கிருந்தோ கப்பலில் வந்த ரகம் அல்ல. குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து நல்ல செடிகளைப் பொறுக்கியெடுத்துப் பெருக்கியதுதான். இன்றைக்கும் விதைக்கடலை எடுத்து வைக்கும் வீட்டில் பாருங்கள். திரட்சியான காயை விதைக்கு ஒதுக்கிவிட்டு, பொக்கையும் சுருங்கலும் செக்குக்கோ தின்பதற்கோ போகும். பொக்கைக் காயை விதைக்கு வைத்துக்கொண்டு நல்லதையெல்லாம் மண்டிக்கு அனுப்பும் விவசாயியை ஊரே கேலி செய்யும். ஆட்டில் மட்டும் அதையே தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறோம்.

காரணம் இல்லாமல் செய்யவில்லை. கடலையில் விதைக்கு எடுப்பது நூறில் ஐந்தோ பத்தோ. ஆட்டில் நல்ல கிடாக்குட்டி ஒன்றை விற்காமல் வைத்திருப்பது என்றால், நான்கு பெட்டை வளர்க்கும் வீட்டில் பள்ளிக் கட்டணம் ஒன்று தள்ளிப்போகிறது என்று பொருள். விரிவாக்கப் பணியாளர்கள் முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். "விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை" என்று அறிக்கையில் எழுதுவது சுலபம்.

கிடா என்றால் பாதி மந்தை

ஒரு பெட்டை ஆண்டுக்கு இரண்டு, மூன்று குட்டிகளுக்குத் தாய். ஒரு கிடாவோ இருபத்தைந்து, முப்பது பெட்டைகளுக்குப் போதும். அத்தனை குட்டிகளுக்கும் அதுவே தகப்பன். ஒவ்வொரு குட்டியின் குணத்திலும் சரிபாதி கிடாவிலிருந்து வருகிறது. இருபது பெட்டைகளை மாற்ற ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கைக் கிடாவுக்குச் செலவிட்டால் மந்தையின் பாதி மாறத் தொடங்கும்.

வெள்ளாட்டில் இதைக் கணக்காகவே பார்க்கலாம். உங்களிடம் இருப்பது நாட்டு வெள்ளாட்டுப் பெட்டைகள். நல்ல தலைச்சேரிக் கிடாவை விடுகிறீர்கள். முதல் ஈற்றுக் குட்டிகளில் பாதி தலைச்சேரி. அந்தப் பெட்டைக்குட்டிகளை வைத்துக்கொண்டு, அவற்றின் தகப்பனை அல்ல, வேறொரு தலைச்சேரிக் கிடாவை விட்டால் அடுத்த தலைமுறையில் முக்கால். அதற்கும் அடுத்ததில் நூற்றுக்கு 87.5. பெட்டைக்குட்டி உரிய எடைக்கு வந்து சினைபிடிக்க 10 முதல் 12 மாதம், சினைக்காலம் 5 மாதம். ஒரு தலைமுறைக்கு ஒன்றரை ஆண்டு என்றால் நாலரை ஆண்டில் மந்தை ஏறக்குறைய தலைச்சேரியாகிவிடும். வெளியூரிலிருந்து ஒரு பெட்டைகூட வாங்க வேண்டியதில்லை. நம் வேலியையும் ஏரிக்கரையையும் மேய்ந்து பழகிய தாயிடமே குட்டியும் மேயக் கற்றுக்கொள்கிறது.

முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்வதிலும் தவறில்லை. வீட்டுக்குப் பத்து ஆடு வளர்ப்பவருக்குத் தூய இனச் சான்றிதழால் பயனில்லை. சந்தையில் எடைதான் பேசும்.

பணக் கணக்கையும் பார்ப்போம். பத்துப் பெட்டை வைத்திருக்கும் ஒருவர், சாவும் வளர்ப்புக்கு வைத்துக்கொள்வதும் போக, ஆண்டுக்கு 14 குட்டிகள் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல கிடாவின் குட்டி விற்கும் வயதில் 2 கிலோ கூடுதல் எடை நிற்கிறது. உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 11,200 ரூபாய், இரண்டு ஆண்டுகளில் 22,400 ரூபாய் கூடுதல் வருமானம். இரண்டு ஆண்டு கழித்துக் கிடாவையும் விற்றுவிடலாம். வாங்கிய காசில் பெரும்பகுதி திரும்பி வரும். விலையும் எடையும் உங்கள் ஊருக்கு எப்படியோ அப்படி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

நான்கே பெட்டை உள்ள வீட்டில் இதே கணக்கு வேறு மாதிரி வரும். ஆண்டுக்கு ஐந்து குட்டி விற்றால் கூடுதல் வருமானம் 4,000 ரூபாய்தான். ஒரு கிடாவுக்குத் தீனி போட்டு, கட்டிக் காப்பாற்றும் செலவுக்கே அது சரியாகப் போகும். "நல்ல கிடா வைத்துக்கொள்ளுங்கள்" என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் சொன்னால் அவர் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார் என்றால், அவர் கணக்குப் போட்டுவிட்டார் என்று அர்த்தம். அவருக்கான வழியைப் பிறகு சொல்கிறேன்.

செம்மறியில் வீட்டுச் செல்வத்தை விட்டுவிடாதீர்கள்

விழுப்புரம் மாவட்டத்தின் வடபகுதி 'மெட்ராஸ் ரெட்' என்னும் சென்னைச் சிவப்பு செம்மறியின் சொந்த நிலம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் தொடங்கி நம் பக்கம்வரை பரவியிருக்கும் இனம் இது. செம்பழுப்பு நிறம். சிலவற்றுக்கு நெற்றியிலும் உள்தொடையிலும் வெள்ளை இருக்கும். கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்குக் கிடையாது. வளர்ந்த கிடா சுமார் 35 கிலோ, பெட்டை சுமார் 23 கிலோ. பெரும்பாலும் ஒற்றைக்குட்டிதான்.

"ஒற்றைக்குட்டி, எடையும் கம்மி" என்று இதை ஒதுக்கிவிட்டு மேச்சேரிக்குப் போகிறவர்கள் உண்டு. மேச்சேரி நல்ல இனம். அதன் தோலுக்குத் தனி மதிப்பு. ஆனால், வளர்ந்த கிடா, பெட்டை எடையை எடுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய சென்னைச் சிவப்பின் எடைதான். சேலம், ஈரோடு, நாமக்கல், கரூர் பகுதியின் வறண்ட மேய்ச்சலில் உருவான இனத்தை இங்கே கொண்டுவந்து எடையில் நமக்கு என்ன கூடப்போகிறது? நெல்லூர் செம்மறியின் கதை வேறு. இந்தியச் செம்மறிகளிலேயே உயரமானது அது. குட்டி சந்தையில் எடுப்பாகத் தெரியும். ஆகவே நெல்லூர்க் கிடாவை விட்டுக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். குட்டி பெரிதாகிறது, உண்மை. தாயின் பாலும் மேய்ச்சலும் அதற்கு ஈடுகொடுக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கறிக்கு விற்கும் குட்டி வரைக்கும் அந்தக் கலப்பு இருக்கட்டும். பெட்டைக்குட்டியையும் வைத்துக்கொண்டு மேலும் மேலும் கலந்தால், பத்து ஆண்டில் நம் பகுதியின் இனமே தேடினாலும் கிடைக்காது.

பெரிய உடம்பைத் தேடிய முயற்சி நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. ஆந்திராவில், வேலூர் தாண்டி சித்தூர் மாவட்டத்துப் பாலமனேரில், டார்செட், சஃபோக் என்னும் ஆங்கிலேயச் செம்மறி இனங்களை நெல்லூர், மண்டியா ஆடுகளோடு கலந்து 1970-களில் அகில இந்தியத் திட்டத்தின் கீழ் ஆராய்ந்தார்கள். பிற்காலத்தில் அந்தத் தேசியத் திட்டம், உள்நாட்டு இனங்களை அவற்றுக்குள்ளேயே எடைபோட்டுத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தும் வழிக்குத் திரும்பிவிட்டது. ராஜஸ்தானின் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறி ஆராய்ச்சி நிலையம் ஒருங்கிணைக்கும் அந்தத் திட்டத்தில் சென்னைச் சிவப்பும் இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையம், விவசாயிகளின் மந்தைகளிலேயே குட்டிகளை எடை பார்த்து, சிறந்த கிடாக்களைத் தேர்ந்து இனவிருத்திக்குக் கொடுக்கும் முறையில் இதைச் செய்துவருகிறது. குடியாத்தம் கடலையிலிருந்து டி.எம்.வி 2 வந்த அதே வழி.

இரட்டைக்குட்டி ஆசைக்கும் ஒரு வார்த்தை. மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் கரோல் என்றொரு சிற்றினச் செம்மறி உண்டு. ஒரே ஈற்றில் பல குட்டி போடும் மரபணு அதில் இருக்கிறது. மகாராஷ்டிராவின் பல்டனில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மரபணுவைத் தக்காணிச் செம்மறியில் ஏற்றி 'நாரி சுவர்ணா' என்ற வகையை உருவாக்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், இரண்டு குட்டி வயிற்றில் இருக்கும் தாய்க்கு சினையின் கடைசி ஒன்றரை மாதமும், ஈன்ற பிறகு இரண்டு மாதமும் அடர்தீவனம் கொடுக்காமல் முடியாது. கொடுக்க வழியில்லாத மந்தையில் நல்லபடியாக வளரும் ஒற்றைக்குட்டி, நோஞ்சானாக நிற்கும் இரண்டைவிட மேல். செம்மறியில் ஒற்றைக்குட்டியைக் குறையாக நினைக்காதீர்கள் என்பது என் கருத்து.

வெள்ளாட்டில் எது பொருந்தும்?

தலைச்சேரி நம் பகுதிக்குப் பொருந்தும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. கேரளத்தின் கண்ணூர், கோழிக்கோடு, மலப்புரம் பகுதியைச் சேர்ந்தது. வீட்டுக்கு இரண்டு, மூன்று என்று சிறு குடும்பங்கள் வளர்த்துவந்த ஆடு. இரட்டைக்குட்டி சாதாரணம், மூன்று குட்டியும் உண்டு. பெட்டை 30 கிலோ, கிடா 40 முதல் 50 கிலோ. மழையையும் ஈரத்தையும் ஓரளவு தாங்கும். மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும் நம் மாவட்டத்துக்கு இது முக்கியம்.

ஜமுனாபாரி பார்க்கக் கம்பீரம். தொங்கும் காதும் வளைந்த மூக்கும் யாரையும் நிறுத்திப் பார்க்கவைக்கும். உத்தரப்பிரதேசத்தின் எட்டாவா பகுதியில், யமுனைக்கும் சம்பலுக்கும் நடுவே, முட்புதர்க் காட்டில் தழை தின்று உருவான ஆடு. ஈரமும் நெருக்கமான கொட்டகையும் அதற்கு ஆகாது. நம் ஊரில் இதைப் பெட்டையோடு மந்தையாக வாங்கியவர்களைவிட, கிடாவை மட்டும் நாட்டுப் பெட்டைகளுக்கு விட்டவர்களே பலன் காண வாய்ப்பு அதிகம்.

போயர் தென்னாப்பிரிக்காவில் கறிக்கென்றே தேர்ந்து உருவாக்கிய இனம். தீனி போட்டால் அதைக் கறியாக மாற்றித் தருவதில் அதற்கு இணை குறைவு. இதில் "தீனி போட்டால்" என்பதை இரண்டு முறை படியுங்கள். நான்கு கிலோமீட்டர் நடந்து, கிடைத்ததைத் தின்று, சாயங்காலம் பட்டிக்குத் திரும்பும் வாழ்க்கை அதற்கானது அல்ல. போயர் குட்டி என்று சொல்லி ஆயிரக்கணக்கில் விலை வைத்து, இன்னொரு பண்ணைக்கே விற்று, அவர் அடுத்தவருக்கு விற்கும் வியாபாரமும் நடக்கிறது. கறிக்கடைக்காரர் கொடுக்கும் விலையில் கணக்குப் பார்த்து நிற்காத எந்த ஆட்டையும் வாங்க வேண்டாம்.

நிறத்தையும் மறக்கக் கூடாது. குலதெய்வத்துக்கு நேர்ந்துவிடக் கறுப்புக் கிடாவைத்தான் பல ஊர்களில் கேட்பார்கள். பக்ரீத்துக்கு ஒரு வயது நிறைந்த, காது, கொம்பு, கால் எதிலும் பழுதில்லாத கிடா வேண்டும். தலைச்சேரியில் வெள்ளையும் உண்டு, கறுப்பும் பழுப்பும் கலப்பு நிறமும் உண்டு. உங்கள் சந்தை எதைக் கேட்கிறதோ அந்த நிறத்தில் கிடாவைத் தேர்ந்தெடுங்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளும் அலுவலரின் பேச்சை விவசாயி கேட்கமாட்டார், கேட்கவும் வேண்டாம்.

தெருவே சேர்ந்தால்தான்

இப்போது அந்த நான்கு பெட்டை வீட்டுக்கு வருகிறேன். அவர் நல்ல கிடா வைத்திருந்தாலும் பயன் பாதிதான். அவருடைய பெட்டைகள் காலையில் ஏரிக்கரைக்கு மேயப் போகின்றன; அங்கே தெருவில் உள்ள எல்லா ஆடுகளும் ஒன்றாக மேய்கின்றன. வெள்ளாட்டில் பருவம் 21 நாளுக்கு ஒரு முறை, செம்மறியில் 17 நாளுக்கு ஒரு முறை வரும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் இருக்கும். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு நோஞ்சான் கிடாதான் முந்திக்கொள்கிறது. ஐந்து மாதக் கிடாக்குட்டியே தாயையும் தங்கையையும் தொடரும். உறவுக்குள் சேர்ந்து பிறக்கும் குட்டிகள் எடை குறைந்து, சாவு கூடி, மந்தை மெல்ல மெல்லத் தேயும். "முன்னைப் போல குட்டி தேறுவதில்லை" என்று சொல்லும் வீடுகளில், கிடா எத்தனை ஆண்டாக அதே பட்டியில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ஆகவே இது தனி வீட்டுக் காரியம் அல்ல. ஐந்து, ஆறு வீடுகள் சேர்ந்தால் இருபத்தைந்து பெட்டைகள் ஆகிவிடும். ஒரு கிடாவுக்கு அது சரியான அளவு. கிடாவை ஒரு வீட்டில் கட்டிப் பராமரிக்கட்டும். மற்ற வீடுகள் ஒரு பெட்டைக்கு இவ்வளவு என்று தீனிக்காசு கொடுக்கட்டும். மற்ற கிடாக்குட்டிகளை நான்கு மாதத்துக்குள் கால்நடை மருந்தகத்தில் காயடித்துவிட வேண்டும், அல்லது தனியே கட்டி வளர்த்து விற்றுவிட வேண்டும். காயடித்த கிடாவும் நன்றாகவே கொழுக்கும். பக்ரீத் வியாபாரிக்கென்று வளர்ப்பதானால் மட்டும் காயடிக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு முடிந்ததும், இதே போலக் கிடா வைத்திருக்கும் பக்கத்து ஊர்க் குழுவோடு கிடாவை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு ஊருக்கும் காசு செலவில்லாமல் புது இரத்தம் வந்துவிடும்.

இதில் ஒரு வீடு முரண்டு பிடித்தாலும் ஏற்பாடு குலையும். அதனால்தான் விரிவாக்கப் பணியாளரின் வேலை இங்கே முக்கியமாகிறது. மகளிர் குழுக் கூட்டத்தில் இனங்களின் படத்தைக் காட்டிவிட்டு வருவதைவிட, ஒரு தெருவில் எத்தனை கிடா திரிகிறது என்று எண்ணிப் பார்த்து, யார் யார் காயடிக்க ஒப்புக்கொள்கிறார்கள் என்று பேசி முடிப்பதில் பயன் அதிகம். நல்ல கிடா கொடுத்த ஊரில் எல்லாம் மேம்பட்டுவிட்டதாகக் கணக்கு எழுத வேண்டாம். மற்ற கிடாக்கள் பட்டியை விட்டுப் போன பிறகு எழுதுங்கள்.

அரசுத் திட்டங்களைப் பற்றியும் இந்தக் கண்ணோடுதான் சொல்ல வேண்டும். 2011-இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கு வீட்டுக்கு நான்கு ஆடுகள் கிடைத்தன. பல வீடுகளுக்கு அது கைமுதல் ஆனது. தேசிய கால்நடை இயக்கம் 100 பெட்டை, 5 கிடா என்ற அலகிலிருந்து தொடங்கி 500 பெட்டை, 25 கிடா வரை பண்ணைகளுக்கு 50 சதவீத மானியம் தருகிறது. அது முதலீடும் நிலமும் உள்ளவர்களுக்கானது. நடுவில் இருக்கும் நான்கு முதல் பதினைந்து ஆடு வரையிலான வீடுகளுக்கு, தெருவுக்கு ஒரு நல்ல கிடா கொடுப்பதே பெரிய உதவியாக இருக்கும்.

கிடாவை எப்படிப் பார்த்து வாங்குவது?

சந்தையில் வாங்காதீர்கள். சந்தையில் நிற்கும் கிடாவின் தாயையும் கூடப்பிறந்தவற்றையும் நீங்கள் பார்க்க முடியாது. பண்ணைக்கோ வளர்ப்பவர் வீட்டுக்கோ நேரில் போங்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள். மடி எப்படி, இந்த ஈற்றில் எத்தனை குட்டி, தேறியது எத்தனை என்று கேளுங்கள். வெள்ளாடு என்றால் இரட்டையாகப் பிறந்த கிடாவாக இருந்தால் நல்லது.

பிறகு கிடாவைப் பாருங்கள். கீழ்ப்பல்லும் மேல் ஈறும் சரியாகப் பொருந்த வேண்டும். தாடை முன்பின்னாக இருந்தால் மேயாது, அந்தக் குறை குட்டிக்கும் போகும். இரண்டு பல் போட்டிருந்தால் ஒரு வயது தாண்டிவிட்டது என்று பொருள். நான்கு காலும் நேராக ஊன்றி நிற்கட்டும், பின்னங்கால் முட்டி ஒன்றோடொன்று உரசக் கூடாது. விரைகள் இரண்டும் ஒரே அளவில், தொங்கி, தொட்டால் கெட்டியாக இருக்க வேண்டும்; ஒன்று மேலேறியோ சிறுத்தோ இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பருவத்தில் உள்ள பெட்டையைக் கண்டு அது என்ன செய்கிறது என்பதையும் முடிந்தால் பார்த்துவிடுங்கள். கொழுத்துப் பளபளக்கும் கிடாவைவிடச் சுறுசுறுப்பான கிடா மேல்.

ஒன்றரை வயதில் முழுமையாக இனவிருத்திக்கு விடலாம். அதன் முதல் பெட்டைக்குட்டிகள் பருவத்துக்கு வரும் முன், அதாவது இரண்டு ஆண்டுக்குள், பட்டியை விட்டு மாற்றிவிட வேண்டும்.

அரசூர் சொல்லும் பாடம்

பெட்டைகளைக் கூட்டமாக வாங்கி வருவதைவிடக் கிடா ஒன்றை வாங்குவது நல்லது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் நோய். ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது எங்கே தெரியுமா? நம் விழுப்புரம் பகுதி அரசூரில்தான், 1987-இல், செம்மறிகளில். காய்ச்சல், மூக்குச்சளி, வாய்ப்புண், கழிச்சல், பிறகு சாவு. அங்கே எடுத்த வைரஸிலிருந்து 'அரசூர் 87' என்ற பெயரிலேயே நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தடுப்பூசி ஒன்றையும் உருவாக்கியது. ஊர்ப் பெயர் உலக ஆய்வேடுகளில் நிற்கிறது. 2030-க்குள் இந்த நோயை உலகிலிருந்தே ஒழிப்பது சர்வதேச அமைப்புகளின் இலக்கு.

ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டு காக்கும் தடுப்பூசி இருந்தும், சந்தையிலிருந்து வந்த ஆட்டோடு நோய் பட்டிக்குள் நுழைவது இன்னும் நடக்கிறது. புதிதாக வந்த ஆடு எதுவானாலும், எவ்வளவு நம்பிக்கையான இடத்திலிருந்து வந்தாலும், குறைந்தது 21 நாள் தனியாகக் கட்டுங்கள். குடற்புழு நீக்கி, தடுப்பூசி போட்டு, பிறகு மந்தையில் சேருங்கள். ஒரு கிடாவைத் தனியாகக் கட்ட ஒரு மரத்தடி போதும். இருபது பெட்டைகளை எங்கே கட்டுவீர்கள்? துள்ளுமாரித் தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். மழை விழுந்து இளம்புல் தழைத்ததும் வயிறு முட்ட மேய்ந்த நல்ல ஆடுதான் முதலில் விழும். தாடையின் கீழ் நீர் கோத்து, கண்ணின் உள்தோல் வெளுத்திருந்தால் புழு என்று கொள்ளுங்கள். மருந்தை எடைக்குத் தக்கபடி, மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள்.

தீவனம்: என் துறைக்கு வருகிறேன்

நல்ல கிடாவின் குட்டி வேகமாக வளரும் திறனோடு பிறக்கிறது. அந்தத் திறன் எடையாக மாறுவது வயிற்றில் போவதைப் பொறுத்தது. மேய்ச்சல் அப்படியே இருக்க, இனத்தை மட்டும் மாற்றினால் ஏமாற்றமே மிஞ்சும். நல்ல ரகத்தை உரமில்லாமல் விதைத்த கதை.

நம் பகுதிக்கு இயற்கை கொடுத்த வரம் கடலைக்கொடி. அறுவடை சமயத்தில் மழையில் நனையாமல் காயவைத்துப் போர் போட்டால், கோடையில் அதைவிட நல்ல உலர்தீவனம் இல்லை. நனைந்து கறுத்து, பூஞ்சாண வாடை அடிப்பதைச் சினையாட்டுக்குப் போடாதீர்கள். கன்று வீசும், ஈரல் கெடும். தனியாகத் தீவனப்பயிருக்கு நிலம் இல்லை என்பவர்கள் வரப்பையும் வேலியையும் பாருங்கள். வேலிமசால், அகத்தி, சூபாபுல் மூன்றும் வரப்பில் வரும். வேலிமசால் விதையை வெந்நீரில் சில நிமிடம் நேர்த்தி செய்து விதைத்தால் முளைப்பு ஒரே சீராக இருக்கும். முதல் அறுவடை 90 நாளில், பிறகு 40 நாளுக்கு ஒருமுறை. சூபாபுல்லை மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முடி கொட்டும். கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் பத்து சென்ட்டில் கம்பு நேப்பியரும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் வெள்ளாடு தழை தின்னும் பிராணி. புல்லை மட்டும் நறுக்கிக் கொட்டினால் பாதியை மிதித்து வீணாக்கும். தழையைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

செலவு செய்ய முடிந்தது கொஞ்சம்தான் என்றால், அதை இரண்டு இடத்தில் செய்யுங்கள். கிடா சேர்க்கும் முன் மூன்று வாரம் பெட்டைகளுக்குத் தினம் 200 கிராம் அடர்தீவனம். ஈனும் முன் ஒன்றரை மாதம் அதே அளவு. மற்ற நாளில் மேய்ச்சலே போதும்.

எப்போது, எங்கே?

குட்டிகள் தை, மாசியில் விழும்படி பார்த்துக்கொண்டால் அடைமழையின் சளிக்கும் ஈரத்துக்கும் அவை தப்பும். மழைக்குப் பிந்திய பசுமையில் தாய்க்குப் பாலும் இருக்கும். சினை ஐந்து மாதம் என்பதால் ஆவணியில் கிடா சேர வேண்டும். தனியாகக் கட்டிவைக்கும் நாட்களையும் கழித்துப் பார்த்தால் ஆடி தொடக்கத்திலேயே கிடா உங்கள் ஊரில் இருக்க வேண்டும். தரமான கிடா கேட்டதும் கிடைப்பதில்லை. சித்திரையிலேயே பதிந்து வையுங்கள். காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையம், விழுப்புரத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையம், திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையம், உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகம் இவற்றில் விசாரியுங்கள். இனத்தின் பெயரோடு, எத்தனை வீடுகள் சேர்ந்திருக்கிறீர்கள், மொத்தம் எத்தனை பெட்டை என்பதையும் எழுதிக் கொண்டுபோங்கள். கூடவே ஒரு தொங்கு தராசு வாங்கிக்கொள்ளுங்கள். பிறந்த அன்றும், மூன்றாம் மாதமும், விற்கும் நாளும் குட்டியின் எடையை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த முறை கிடாவைத் தேர்ந்தெடுக்க உங்கள் பட்டியிலேயே ஆள் இருக்கிறதா என்று அந்த நோட்டு சொல்லும். அப்படி ஒன்று இருந்தால் அந்த வெள்ளிக்கிழமை மட்டும் அதைச் சந்தைக்கு ஓட்டாமல், பக்கத்து ஊர்க் குழுவிடம் பேசுங்கள்.